நீள மணி அடிச்சா வெளிய வரணும்

உக்காரு கண்ணு. அந்த நாற்காலி ஆடும், அதுல வேண்டாம், இப்படி வா. பஸ்ஸுலயா வந்தே? மேக்க வர்ற பஸ்ஸு மணிக்கு ஒண்ணுதான், கூட்டமா இருந்திருக்கும். தண்ணி குடி மொதல்ல. சர்டிபிகேட்டெல்லாம் அப்படி ஓரமா வையி, பொறவு பாத்துக்கலாம். நான் சர்டிபிகேட்டைப் பாத்து ஆளெடுக்கறவ இல்ல. மூஞ்சியப் பாத்தாப் போதும், சொன்ன பேச்சைக் கேக்கற புள்ளையா, எதுத்து நிக்கற புள்ளையான்னு தெரிஞ்சிரும். உன்னையப் பாத்தா கேக்கற புள்ளையாட்டத்தான் இருக்குது.

உனக்கு முன்னால இங்க டீச்சரா இருந்தாளே தாரிணி, அவ மூஞ்சியும் இப்படித்தான் இருந்துச்சு. அங்கதான் நான் ஏமாந்துட்டேன்.

பஸ்ஸுல யாராச்சும் கேட்டிருப்பாங்களே, "அந்த ஸ்கூலுக்கா போறே"ன்னு? கேட்டாங்களா? பாரு, நான் நெனச்சேன். இந்த ஊருக்காரங்களுக்கு வேற வேலை இல்ல. அதனால நானே உனக்கு முழுசாச் சொல்லிப்போடறேன். அரையும் குறையுமா வெளிய கேட்டுட்டு வந்து, வேலைக்குச் சேந்த பொறவு மொணமொணக்கக் கூடாது. கேட்டுட்டு நீயே சொல்லு, தப்பு யாரு மேலன்னு.

இந்த எடம் பூராவும் எங்க வீட்டுக்காரர் போட்ட லேஅவுட்டு. முன்னால இது வெறுங்காடு. அந்தா தெரியுது பாரு மலை, அதுக்கும் நமக்கும் நடுவுல ஒரு சோளக்காடு, ஒரு பள்ளம், அவ்வளவுதான். காத்து அப்படி வரும். பேன் போட வேண்டியதே இல்ல. அந்தக் காத்தைச் சொல்லியே நான் பாதி அட்மிஷன் போட்டேன். இப்ப இருபத்திரண்டு குழந்தைங்க. மூணரை வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும்.

அப்பெல்லாம் பொடக்காலிப் பக்கம், அதான் கட்டடத்துக்குப் பின்னால கிரவுண்டு இருக்குதே, அதை ஒட்டி ஒரு அகழி இருந்துச்சு. யானை தாண்டாம இருக்கறதுக்கு வெட்டினது. ஆழமா, முள்ளு மொளச்சு, பாக்கவே சகிக்காது. குழந்தை விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் ஜேசிபி விட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டாரு. குழந்தைங்க பாதுகாப்புக்குத்தான் கண்ணு. அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

அப்புறம் காம்பவுண்டு. ரெண்டு வருசத்துக்கு முன்னால அட்மிஷன் ஒம்பதுக்கு எறங்கிருச்சு. வாஸ்து பாக்கறவரு ஒருத்தரு வந்தாரு, நெம்பப் பெரிய ஆளு. ஈசானி மூலையில சொவரு அடைச்சுட்டு நிக்குது, அதான் வர்றதெல்லாம் வெளியவே நிக்குதுன்னாரு. கிரவுண்டோரம் வடகெழக்கு மூலையில பதினஞ்சடி சொவத்தை இடிச்சோம். அடுத்த ஜூன்ல இருபத்திரண்டு! நம்பறவங்க நம்பட்டும், நம்பாதவங்க போவட்டும். அந்த மூலை வழியா எது வந்துச்சோ இல்லையோ, அட்மிஷன் வந்துச்சு.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணொண்ணும் பாத்துப் பாத்துப் பண்ணினவ. அதைத் தெரிஞ்சுக்க.

நமக்குப் பாடம் மாசம் ஒரு தலைப்பு. கம்பெனியில இருந்து புஸ்தகம் வந்துரும். ஆடியில மழை, ஆவணியில பழங்கள், அப்படி. கார்த்திகையில 'அழிந்துவரும் விலங்குகள்'னு வந்துச்சு. தாரிணிக்கு அன்னிக்கு அப்படியொரு குஷி. ராத்திரியெல்லாம் முழிச்சு அட்டை வெட்டி ஒட்டிக்கிட்டு வந்தா. வரையாடு, தேவாங்கு, சிங்கவால் குரங்கு, பாறு கழுகு, இருவாச்சி, எல்லாத்துக்கும் மேல பெருசா ஒரு யானை. நல்லாத்தான் வரைவா, அதை நான் இல்லைங்கல.

ஆனா சொல்லிக் குடுத்தது என்ன? தன்விகான்னு ஒரு புள்ளை, நாலு வயசு, கண்ணு ரெண்டும் கோலிக்குண்டாட்ட இருக்கும். அது எந்திரிச்சு, "அழிஞ்சு போறதுன்னா என்ன மிஸ்?"ன்னு கேட்டுச்சு. இவ சொல்றா, "எல்லாம் செத்துப் போயி, அப்புறம் ஒண்ணு கூட இல்லாமப் போறது தங்கம்." நான் வராண்டாவுல நின்னுட்டு இருக்கேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. மழலையர் பள்ளியில பேசற பேச்சா இது? சாயங்காலம் வீட்டுக்குப் போயி, "அம்மா, எல்லாம் செத்துப் போயிரும்"னு குழந்தை சொன்னா எந்தத் தாயி பொறுப்பா?

உடனே உள்ள போனேன். "இல்ல சாமிகளா, சாகலை. அதுங்கெல்லாம் ஊருக்குப் போயிருக்குது. நாம பாசமா சோறு வெச்சுக் கூப்பிட்டா திரும்பி வந்துரும்"னேன். அத்தனை குழந்தைகளும் கை தட்டுச்சு. தன்விகா மட்டும், "நெசமா வருமா?"ன்னுச்சு. "கூப்பிட்டா வரும்"னு சொன்னேன். எப்படி அழகா முடிச்சு வெச்சேன் பாரு. இவ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா.

அதுலதான் எனக்கொரு யோசனை வந்துச்சு. நம்ம கோயில் யானைக்கு ஒரு சீப்பு பழம் குடுத்தா எவ்வளவு புண்ணியம்? அதையே குழந்தைங்க கையால பண்ண வெச்சா? 'யானைக்கு ஒரு கைப்பிடி'ன்னு பேரு வெச்சேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குழந்தையும் வீட்டுல இருந்து ஒரு கைப்பிடி கொண்டாரணும். பழமோ, வெல்லமோ, பொரியோ, அவங்க அவங்க வசதி. ஈசானி மூலையில கோலம் போட்டு, வாழையிலை விரிச்சு, எல்லாம் வெச்சுட்டு, வரிசையா நின்னு "யானையே யானையே வா வா"ன்னு கூப்பிடும். அதைப் போட்டோ எடுத்து தாய்மாருங்க குரூப்புல போட்டேன் பாரு, ஒருத்தரு பாக்கியில்லாம பூ அனுப்பினாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு பேப்பர்க்காரங்க கூடக் கேட்டாங்க.

தாரிணி அன்னிக்கே வந்தா. "மேடம், காட்டு யானைக்குச் சாப்பாடு வெக்கக் கூடாதுங்க மேடம். தூரமா இருக்கறதுதான் அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லதுன்னு நான் பாடத்துல சொல்லியிருக்கேன்"னா. "ஏம்மா, யானை வந்து தின்னுட்டுப் போகப் போகுதா? காக்காதானே தின்னப் போகுது? ஒரு சடங்குக்குப் பண்றது"ன்னேன்.

ஆனா பாரு, திங்கக்கெழமை வந்து பாத்தா எலை சுத்தமா இருக்கும். காக்கா தின்னா செதறிக் கெடக்கணுமில்ல? எலையே இருக்காது சில நாளு.

எனக்குச் சந்தேகம் யாரு மேல வரும்? மருதி மேலதான். மருதி இங்க ஆயா. மலையடிவாரத்துல மலைச்சனங்க குடியிருக்கற பதியில இருந்து நடந்தே வருவா. ஏழு வருசமா இருந்தா. வேலையெல்லாம் குத்தம் சொல்ல முடியாது, குழந்தைங்க அவ இடுப்புலதான் தூங்கும். ஆனாலும் பழமும் வெல்லமும் கெடந்தா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா மருதி, குழந்தைங்க பக்தியா வெக்கறதை எடுக்கலாமா?"

 "நா எடுக்கலைங்கம்மா. ஆனை வருதுங்க"ன்னா.

"எந்த ஆனை?"

"ஒத்தை ஆனைங்க. வெள்ளிக்கெழமை பொழுதெறங்க வருது. இப்ப மத்த நாளும் வருதுங்க. கெழமை அதுக்குத் தெரியுமுங்களா? வந்து நின்னு பாத்துட்டுப் போவுது." அப்படீன்னு சொல்லிட்டு என்னையக் கூட்டிட்டுப் போயி யானை லத்தியைக் காட்டினா. பெரிய பெரிய உருண்டை. நான் சிரிச்சுட்டேன். "இதை எங்கிருந்தோ கொண்டாந்து போட்டுட்டு எங்கிட்டயே கதை உடறயா"ன்னேன். சரி, வந்தது வந்துச்சு, வீணாக்க வேண்டாம்னு ரோஜாத் தொட்டிக்குப் போடச் சொன்னேன். முன்னால பாத்தியே, எப்படிப் பூத்திருக்குது? அந்த உரந்தான்.

ஒண்ணு மட்டும் கண்டிசனாச் சொன்னேன். தாய்மாருங்க காதுக்கு இது போகக் கூடாது. போச்சுன்னா நீ பதியிலயே இருந்துக்கலாம்னு.

அவ வாயைத் தொறக்கலை. ஆனா குழந்தைங்க தொறந்துச்சு. தன்விகா வந்து, "மேடம் மேடம், நாங்க கூப்பிட்டோம், வந்துருச்சு. மரத்துக்குப் பின்னால நிக்குது"ன்னுச்சு. "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்"னேன். அழுதுட்டே போயிருச்சு. படம் வரையச் சொன்னா எல்லாம் ஒரே படந்தான். ஒரு சொவரு, சொவத்துல ஒரு ஓட்டை, ஓட்டையில கறுப்பா பெருசா ஒண்ணு. நான் அதையெல்லாம் கழட்டிட்டு மயில் படம் ஒட்டச் சொன்னேன்.

தாரிணி மூணு லெட்டர் எழுதினா. சொவத்தை அடைக்கணும், சோறு வெக்கறதை நிறுத்தணும், ஃபாரஸ்டுக்குச் சொல்லணும்னு. ஒரே எடத்துல வேலை பாக்கறோம், வாயில சொல்றதை விட்டுட்டு லெட்டர் என்ன லெட்டர்? மேசை டிராயருக்குள்ள போட்டேன். இப்பவும் அங்கதான் கெடக்குது. அப்புறம் ஃபாரஸ்டுல இருந்து ஒருத்தரு வந்தாரு, இவதான் சொல்லியிருப்பா. சொவத்தை மொதல்ல அடைங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் காப்பி குடுத்து, தையி பொறக்கட்டுங்க, மார்கழியில எதுக்கு சொவத்து வேலைன்னு பக்குவமாச் சொல்லி அனுப்பிட்டாரு.

மார்கழி மாசத் தலைப்பு என்ன தெரியுமா? விண்வெளி. அப்பாடா, யானைப் பேச்சு ஒழிஞ்சுதுன்னு இருந்தேன். நெலா, சூரியன், எட்டுக் கெரகம், ராக்கெட்டு. பாட்டு, டான்ஸு எல்லாம் வெக்கலாம். ஆண்டு விழாவுக்கு வெள்ளை டிரஸ்ஸு போட்டு வானவீரரு வேசம் கட்டலாம்.

தாரிணி வந்து கேட்டது என்ன? முன்னால ரோட்டுப் பக்கம் எங்க வீட்டுக்காரர் சிமெண்டு மூட்டை அடுக்கி வெச்சிருந்த ரூம் ஒண்ணு இருக்குது. ஜன்னல் கெடையாது, மேல ரெண்டு ஓட்டை, இரும்புக் கதவு. அது வேணும்னா.

"நல்ல ரூம் நாலு இருக்கறப்ப அந்தக் குடோன் எதுக்கு உனக்கு?"

"விண்வெளிக்கு இருட்டு வேணுங்க மேடம்."

சரின்னு விட்டேன். மூட்டையெல்லாம் அவளும் மருதியுமே இழுத்துப் போட்டு, கழுவி விட்டு, கறுப்புத் துணி கட்டி, ரேடியம் நட்சத்திரம் ஒட்டினாங்க. உள்ள போயிப் பாத்தா ஆகாசமாட்டத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, எனக்கே ஒரு நிமிசம் மெய்மறந்து போச்சு. ஆனா ஒரு வெல்டரைக் கூட்டியாந்து கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பாள் வெச்சா பாரு, அதுதான் எனக்குப் புரியலை. ராக்கெட்டுக்கு எதுக்குத் தாப்பாள்?

அப்புறம் ஆரம்பிச்சா கண்ணு பாடத்தை. "ராக்கெட் கெளம்பிருச்சு"ன்னு மெதுவாச் சொல்லுவா. சத்தமாக் கூட இல்ல, மெதுவா. ஒடனே குழந்தைங்க எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு, பூனையாட்ட நடந்து அந்த ரூமுக்குள்ள போயிரணும். சொவத்தோரமா ஒக்காந்து முட்டியக் கட்டிக்கணும். விண்வெளியில சத்தம் கேக்காதாம், அதனால யாரும் பேசக் கூடாது. வெளிய காத்து இல்லையாம், அதனால யாரு சொன்னாலும் கதவைத் தொறக்கக் கூடாது. கெரகத்தை விரல்ல எண்ணிக்கிட்டே இருக்கணும். எட்டு முடிஞ்சா மறுக்கா ஒண்ணுல இருந்து.

மொதல்ல ரெண்டு நிமிசம் இருந்துச்சுங்க. அப்புறம் அஞ்சு. அப்புறம் பத்து. வாட்ச்சைப் பாத்துட்டு நிக்கறா இவ. மாசம் பாதி ஆறதுக்குள்ள இருபத்தஞ்சு நிமிசம். நாலு வயசுக் குழந்தை, மூக்கு ஒழுகினாக் கூட உறிஞ்சாம உக்காந்திருக்குது. நான் கதவைத் தட்டினேன், ஒரு சத்தம் இல்ல. உள்ள யாருமே இல்லையோன்னு நெனச்சுட்டேன்.

நீயே சொல்லு, இது பாடமா? சும்மா உக்கார்றதுக்கு ஒரு மாசப் படிப்பா? "பாட்டுச் சொல்லிக் குடும்மா, ஆண்டு விழா வருது"ன்னேன். "இன்னும் கொஞ்ச நாள்தாங்க மேடம், இதை மட்டும் முடிச்சுக்கறேன்"னா. கண்ணு செவந்து போயிருந்துச்சு. தூங்கறதில்லையாட்ட இருக்குது. எதையோ மனசுல வெச்சுட்டுத்தான் பண்றான்னு எனக்குத் தோணுச்சு. என்னன்னுதான் புரியலை. ஆண்டு விழாவுல என்னைய அசிங்கப்படுத்தறதுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப மணியப் பத்திச் சொல்லோணும். நம்ம ஸ்கூல்ல ரெண்டு மணி. குட்டை மணி அடிச்சா திங்கறதுக்கு. நீள மணி அடிச்சா தீயணைப்பு ஒத்திகை. மாசம் ஒருக்கா பண்ணுவோம். நீள மணி அடிச்ச ஒடனே மருதி பின்னால கிரில் கதவைத் தொறந்துட்டு, பச்சைக் கொடியோட கிரவுண்டுல போயி நிக்கணும். குழந்தைங்க எங்க இருந்தாலும் ஓடிப் போயி அவ பின்னால வரிசை கட்டணும். அதையும் வீடியோ எடுத்து குரூப்புல போடுவேன். மார்கழி ஒத்திகையில மருதி கொஞ்சம் தாமசம் பண்ணிட்டா. "பத்து எண்றதுக்குள்ள நீ கிரவுண்டுல நிக்கணும். இல்லைன்னா நாளையில இருந்து வராதே"ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். சொன்னாத்தானே பயம் இருக்கும்?

பொங்கல் வந்துச்சு. ரெண்டு கட்டுக் கரும்பு வாங்கினோம். ஒரு கட்டு அப்படியே மிச்சம். வாடிப் போறதுக்குப் பதிலா ஈசானி மூலையில சாத்தி வெச்சேன், யானைக்கு ஒரு கைப்பிடிக்கு ஆச்சுன்னு. கைப்பிடின்னா கைப்பிடியாவே இருக்கணுமா என்ன?

பொங்கல் லீவு முடிஞ்சு மறுநாளு. காலையில பத்தேமுக்கால் இருக்கும். நான் இந்த ரூம்ல, இதே சேர்ல. ஜன்னல்ல பாக்கறேன், கிரவுண்டோரம் கறுப்பா ஒண்ணு நிக்குது. எங்க வீட்டுக்காரர் டிராக்டரைக் கொண்டாந்து அங்க எதுக்கு நிறுத்தினாருன்னு நெனச்சேன். அப்புறம் அது காதை ஆட்டுச்சு.

யானை கண்ணு, யானை! கரும்பைக் காலுல மிதிச்சு ஒடிச்சு ஒடிச்சுத் தின்னுட்டு இருக்குது, அவசரமே இல்லாம, அதுக்குன்னு வெச்சதாட்டவே. நான் என்ன நெனச்சேன்னா, குழந்தைங்க ஆளுக்கொரு மூலையில இருந்தா எப்படி எண்றது? எல்லாம் ஒரே எடத்துல வரிசையா நின்னா என் கண்ணு முன்னால இருக்கும். பொறுப்புல இருக்கறவளுக்கு அதானே தோணும்? நீள மணிய அடிச்சுட்டேன். கையை எடுக்கவே இல்ல. அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுட்டே இருந்தேன். சத்தத்துக்கு அதுவும் ஓடிரும்னு ஒரு நெனப்பு.

அது ஓடலை. திரும்புச்சு.

அப்புறம் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, மருதி சமையக்கட்டு வழியா யானைய எனக்கு முன்னாலயே பாத்திருக்கா. எங்கிட்ட வந்து சொல்லலை. நேரா தாரிணிகிட்டப் போயிருக்கா. அவ "ராக்கெட் கெளம்பிருச்சு"ன்னு சொல்லி, குழந்தைங்க அத்தனையும் குடோனுக்குள்ள போயிருச்சு. எண்ணிப் பாத்தா இருபத்தொண்ணு. தன்விகா பாத்ரூம்ல. அதைக் கூட்டியாற மருதி போயிருக்கா. அந்த நேரத்துல மணி.

தன்விகா நல்ல புள்ளை, சொன்னதைக் கேக்கற புள்ளை. நீள மணி அடிச்சா எங்க போகணும்னு சொல்லிக் குடுத்திருக்கு? கிரவுண்டுக்கு. பாத்ரூம்ல இருந்து நேரா, சும்மா சாத்தியிருந்த கிரில்லைத் தள்ளிட்டு ஓடிருச்சு.

மருதி பின்னாலயே ஓடி, புள்ளையத் தூக்கி உள்ள தள்ளிட்டு, கிரில்லை வெளியில நின்னு இழுத்துச் சாத்திட்டா. அந்தக் கதவுக்குக் கொண்டி வெளிப்பக்கந்தான். நான் ஒத்திகையில அவளுக்கு என்ன சொல்லியிருக்கேன்? தொறக்கணும்னு. சாத்தச் சொன்னனா? பயத்துல மாத்திப் பண்ணிட்டா பாவம். உள்ள வந்திருக்கலாமில்ல? கொண்டியப் போட்டுட்டு கதவுக்குக் குறுக்கால நின்னுக்கிட்டு இருந்திருக்கா. கையில கொடி கூட இல்ல.

அவ விதி அப்படி. நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன். என்னால பாக்க முடியலை.

தன்விகாவுக்கு முட்டியில சிராய்ப்பு. அவங்க அம்மா அதுக்கு வந்து என்ன பேச்சுப் பேசிட்டுப் போனாங்கங்கறே!

இனிதான் கண்ணு நீ கவனிக்கணும். தாரிணி பண்ணின காரியம். மணி அடிச்சுது, வெளிய வரலை. தன்விகாவை மட்டும் உள்ள இழுத்துப் போட்டுட்டு தாப்பாளைப் போட்டுக்கிட்டா. மணிச் சத்தம் கேட்டு முன்வாசல்ல தாய்மாருங்க நாலு பேரு வந்துட்டாங்க. "எங் குழந்தை எங்க"ன்னு கேட்டைப் போட்டு ஆட்டறாங்க. நான் என்ன பண்ணட்டும்? மைக்கை எடுத்தேன். நம்ம மைக்கு எல்லா ரூமுக்கும் கேக்கும், குடோனுக்கும் கேக்கும். "யானை போயிருச்சு. எல்லாரும் வெளிய வாங்க"ன்னேன். மூணு தடவை சொன்னேன். "மேடம் சொல்றேன், போயிருச்சு, கதவைத் தொறங்க."

தொறக்கலையே!

என்ன கேக்கறே? போயிருந்துச்சா? வேன் ஷெட்டுக்குப் பின்னால போயிருச்சு கண்ணு. அங்க இருந்தது அங்க இல்லைன்னா போனதுதானே? அந்தத் தகரத்தைத் தும்பிக்கையில தட்டிட்டு நின்னுச்சு. குடோனுக்கும் அதுக்கும் ஒரு முப்பதடி இருக்கும். அது என்ன பண்ணிரும்?

ஒண்ணரை மணி நேரம். ஃபாரஸ்டுக்காரங்க வந்து வெடி போட்டு மலைக்கு முடுக்கினாங்க. அவங்க வந்து குடோன் கதவுகிட்ட நின்னு சொன்னதுக்கு அப்புறந்தான் தொறந்தா. குழந்தைங்க ஒவ்வொண்ணா வெளிய வருது. ஒண்ணு கூட அழலை. விரல்ல எண்ணிட்டே வருது. தாய்மாருங்க தாரிணி காலுல உழுகறாங்க. நான் பக்கத்துல நிக்கறேன், ஒருத்தரு என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. இது யாரு ஸ்கூலு?

மறுநாளு கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீள மணி அடிச்சா வெளிய வரணும். வந்தியா?" அவ இருபத்திரண்டு குழந்தைங்க பேரையும் ஒவ்வொண்ணாச் சொன்னா. சொல்லி முடிச்சுட்டு, மருதின்னும் ஒரு பேரைச் சேத்துச் சொல்லிட்டு, பையை எடுத்துட்டுப் போயிட்டா. திமிரப் பாரு. இதான் நடந்தது. அந்த வேலைதான் காலியா இருக்குது.

சொவத்தை அடைச்சாச்சான்னா? பச்சை வலைத் துணி கட்டியிருக்குது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. செங்கல் வெச்சு அடைச்சா அட்மிஷன் என்ன ஆவறது? ஏற்கனவே ஆறு குழந்தைங்க நின்னு போச்சு. சித்திரைக்கு அப்புறம் வேலி போடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிருக்காரு.

குழந்தைங்களுக்கு மருதியப் பத்தி என்ன சொன்னேன்னா? செத்துப் போயிட்டான்னா சொல்ல முடியும்? ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சேன். பாரு, குழந்தைங்க பாசத்தை. தன்விகா தினமும் டிபன்ல பாதிய எடுத்துட்டுப் போயி அந்த வலைத் துணிக்கு அடியில வெச்சுட்டு, "ஆயா வா வா"ன்னு கூப்பிடுது. அதைப் பாத்து இன்னும் நாலஞ்சு குழந்தைங்க. நான் தடுக்கலை. எப்படித் தடுக்கறது, மனசு கேக்குமா? காலையில பாத்தா காலியா இருக்கும். காக்கா தின்னுட்டுப் போயிருது.

இரு, மணி பதினொண்ணாச்சு, திங்கற மணி அடிச்சுட்டு வந்தர்றேன்.

…கேட்டியா? ஒரு சத்தம் இருக்குதா? பதினாறு குழந்தைங்க இருக்கற எடமா இது? இப்பெல்லாம் எந்த மணி அடிச்சாலும் இப்படித்தான். ஆளுக்கு முன்னால ஓடிப் போயி அந்தக் குடோனுக்குள்ள உக்காந்துக்குது. கட்டுப்பாடுன்னா இதான்னு நானும் மொதல்ல சந்தோசப்பட்டேன். ஆனா கூப்பிட்டா வர மாட்டேங்குதுங்க. நான் போயி கதவுகிட்ட நின்னு, "ஒண்ணும் இல்ல சாமிகளா, போயிருச்சு, தொறங்க"ங்கறேன். உள்ள இருந்து தன்விகா சொல்லுது, "மேடம் சொன்னா தொறக்கக் கூடாது." நாலு வயசுக் குழந்தை கண்ணு! நாளைக்கு வெல்டரை வரச் சொல்லிருக்கேன், அந்தத் தாப்பாளை அறுத்துப் போட்டுறலாம்னு.

அதுக்குள்ள நீ போயி ஒருக்கா கூப்பிட்டுப் பாரேன். புது மொகம், புதுக் கொரலு, உனக்குத் தொறக்கும். சர்டிபிகேட்டை ஏன் எடுக்கறே, அது இங்கயே இருக்கட்டும். எந்திரி. நேரா போனா முன்னால இரும்புக் கதவு. என்ன கேக்கறே? அது நெசமாவே போயிருச்சான்னா?

போயிருச்சு கண்ணு. போயிருச்சுன்னு நாந்தான் சொல்றேனில்ல? ஏன் நீயும் அந்தக் குழந்தைங்களாட்டவே என்னையப் பாக்கறே?